சாக்குப்பை வாரியத்தின் விண்வெளிப் பிரிவு

"சார், இடது இறக்கை போச்சு!"

"போகட்டும். எழுதிக்குங்க. கவசம் என்றால் என்ன?"

"எரியறது சார்! அவன் மறுபடியும் திரும்பி வரான்!"

"வரட்டும், வேதாந்தம் சார். கவசம் எனப்படுவது கப்பலின் நாற்புறமும்... காற்புள்ளி... பரவி நிற்கும்..."

வேதாந்தம் வலது கையால் கோலை முறுக்கிக்கொண்டே இடது கையால் எழுத முயன்றார். திரையில் சுண்டைக்காய் அளவில் இருந்த சிவப்புக் கப்பல் பூசணிக்காயாகி, அண்டாவாகி, நேரே அவர் மூக்குக்கு வந்து மோதியது. திரை வெள்ளையானது. அப்புறம் கறுத்துப் போனது.

"...பரவி நிற்கும் ஆற்றல் அரண் ஆகும். முற்றுப்புள்ளி" என்று முடித்துவிட்டுத்தான் பயிற்சியாளர் ஜெயராம் திரையைப் பார்த்தார். "செத்துட்டீங்களா? நல்லது. அடுத்தவங்க வாங்க."

வேதாந்தம் எழுந்து வெறும் காலோடு வராந்தாவுக்கு வந்தார். செருப்பு வெளியே இருந்தது. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்பதால் செருப்புக்குத் தடை. அதே அறையில் மூலைக்கு மூலை அடுக்கியிருந்த மாதிரிச் சாக்குப்பைகளிலிருந்து சணல் தூசி மழையாகக் கொட்டியது. அதற்குத் தடை இல்லை. சாக்குகளுக்கு அந்த அறை ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தது.

நந்தனத்தில், அண்ணா சாலையைப் பார்த்த கட்டடத்தின் நாலாவது மாடி. தென்மண்டலச் சாக்குப்பை வாரியத்தின் தலைமை அலுவலகம். சாக்குப்பையின் நீளம், அகலம், தையல், கிழிசல் ஆகியவற்றை மேற்பார்வை செய்வதற்காக உண்டாக்கப்பட்ட அமைப்பு. தொண்ணூற்றாறாம் வருடத்துக்குள் பிளாஸ்டிக் பை வந்து சாக்கைப் பாதி ஒழித்துவிட்டது. வாரியத்தில் ஆட்கள் மட்டும் இரண்டு மடங்கு ஆகியிருந்தார்கள்.

வேதாந்தம் கணக்குப் பிரிவு சூப்பரின்டென்டென்ட். ஐம்பத்து நாலு வயது. மயிலாப்பூர் மாடவீதியில் ஜாகை. சர்க்கரை வியாதி. தினமும் காலையில் அவருக்கு ஊசி போடுவது மனைவி கோமளம், ஏனென்றால் ஊசியைக் கையில் எடுத்தாலே அவருக்குக் கை நடுங்கும். அந்தக் கையில்தான் வாரியம் ஒரு விண்கலத்தைக் கொடுத்திருந்தது.

சுற்றறிக்கை சுருக்கமாக இருந்தது. எல்லா சூப்பரின்டென்டென்டுகளும் கணினித் தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறாதவர்கள் பீகாரில் உள்ள கட்டிஹார் சணல் கொள்முதல் கிளைக்கு மாற்றப்படுவார்கள்.

கட்டிஹாருக்குப் போனவர்கள் திரும்பி வந்ததாக வாரியத்தில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

கணினித் தகுதிக்கும் விண்வெளிச் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வாரியத்தில் யாரும் கேட்கவில்லை. நடந்தது இதுதான். வாரியம் கம்ப்யூட்டர்கள் வாங்கியது. கணக்கு எழுதும் மென்பொருள் வாங்கப் பணம் ஒதுக்க மறந்துவிட்டது. விற்ற கடைக்காரர், போனால் போகிறது என்று, பெட்டிக்குள் ஒரு விளையாட்டுத் தகட்டை இனாமாகப் போட்டிருந்தார். கூடவே ஒரு சின்னப் புத்தகம். முதன்முதலாக ஒரு சின்னக் கப்பல் கிடைத்தவன் கொள்ளைக்கார எதிரிகளிடம் சிக்காமல் எப்படிச் சண்டை போடுவது என்று பள்ளிக்கூடப் பசங்களுக்குச் சொல்லும் புத்தகம். கொள்முதல் குழு பெட்டியைத் திறந்தது. உள்ளே இருந்த ஒரே புத்தகம் அதுதான். ஆகவே அதுதான் கம்ப்யூட்டர் என்று தீர்மானித்தது.

குழுவில் மூன்று பேர். மூவருக்கும் சந்தேகம் வந்தது. மற்ற இருவருக்கும் புரிந்திருக்கும் என்று மூவரும் நினைத்தார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு மொழிபெயர்ப்புக் குழு உட்கார்ந்தது. ஜாய்ஸ்டிக், மகிழ்கோல் ஆனது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. 'எதிரிக்குப் பின்புறமாகப் போய்த் தாக்கு' என்ற குறிப்பைப் படித்ததும் குழுத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"முதுகில் தாக்குவதா? மார்பில் புண் வாங்கியவன் பரம்பரைங்க நம்மது! புறமுதுகு காட்டினான் என்று கேட்டதும் பெற்ற வயிற்றை நொந்துகொண்ட தாய்மார்கள் வாழ்ந்த மண்ணுங்க இது!"

குழு கண்ணைத் துடைத்துக்கொண்டு, போண்டா சாப்பிட்டுவிட்டு, குறிப்பைத் திருத்தியது: 'எதிரியை நேருக்கு நேர், நெஞ்சுக்கு நெஞ்சு, முழு வேகத்தில் சந்திக்கவும்.'

அடிபட்டால் ஓடிவிடு என்று அடுத்த குறிப்பு. ஐந்து மணிக்கு முன்னால் இடத்தை விட்டு நகர்வது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்று நிர்வாகப் பிரிவு ஆட்சேபித்தது. நீக்கப்பட்டது. கப்பலின் மின்சக்தியைத் தேவைக்குத் தகுந்தபடி கவசத்துக்கும் துப்பாக்கிக்கும் எஞ்சினுக்கும் மாற்றி மாற்றிக் கொடு என்று இன்னொன்று. ஒரு தலைப்பில் ஒதுக்கியதை நடுவில் இன்னொரு தலைப்புக்கு மாற்ற முடியாது, மார்ச் வரை பொறுக்க வேண்டும் என்றது நிதிப் பிரிவு. ஏவுகணைகள் இரண்டு உண்டு. வருடக் கடைசியில் தணிக்கை வரும்போது இருப்பில் அந்த இரண்டும் இருக்க வேண்டும். ஆகவே சுடக் கூடாது.

இப்படித்தான் பாடத்திட்டம் முழுமை அடைந்தது. அதன்படி ஓட்டிய ஒருவரும் இதுவரை உயிரோடு திரும்பவில்லை. அதைப் பாடத்திட்டத்தின் கண்டிப்புக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள்.

"ஏன்னா, சாக்குப்பை ஆபீஸ்ல எதுக்கு ராக்கெட் விடறேள்?" என்று கோமளம் கேட்டாள். லஸ் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கு எதற்கும் காரணம் வேண்டும்.

"கேக்கப்படாது. கேட்டவன் கட்டிஹார்ல இருக்கான்."

"அப்போ நீங்க ஃபெயில் ஆனா?"

வேதாந்தம் சட்டைக் கையை மடித்தார். கோமளம் ஊசியைச் சொருகினாள். அன்றைக்குக் கொஞ்சம் வலித்தது.

"எனக்கு ரிடையர் ஆக இன்னும் ஏழு வருஷம் இருக்கு. நான் வேலையை விட்டுட்டு பீகாருக்கு வர முடியாது. அங்கே தினம் யார் உங்களுக்குக் குத்துவா?"

"ஆபீஸ்ல குத்துவா" என்றார் வேதாந்தம். சிரிப்பு வரவில்லை.

பயிற்சிப் பிரிவின் துவக்க விழாவைச் சொல்லாமல் விடக் கூடாது. இயக்குநர் ராஜகோபாலன் வந்தார். உயரமான மனிதர். கழுத்தில் மாலை விழும் கோணத்துக்கு ஏற்ப எப்போதுமே கொஞ்சம் குனிந்து நிற்கப் பழகியவர். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்தார்கள். சந்தனம் விசைப்பலகைக்குள் இறங்கியது. எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். மைக் முன்னால் அவர் நின்றார்.

"நண்பர்களே! இருபத்தோராம் நூற்றாண்டு நம் வாசலில் நிற்கிறது. அதை உள்ளே விடலாமா என்பதைப் பரிசீலிக்கும் பொறுப்பு இந்த வாரியத்திடம் இருக்கிறது. கணினியைக் கண்டு நான் அஞ்சவில்லை. இருபது வருடங்களாக எனக்குத் தெரியாத கோப்புகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தெரியாத இயந்திரத்தில் உட்கார எனக்கென்ன பயம்?"

பலத்த கைதட்டல். இயக்குநர் உட்கார்ந்தார். அவருடைய சம்பள விகிதத்துக்குத் தகுந்தபடி பெரிய போர்க்கப்பல் ஒன்றை ஜெயராம் திறந்து கொடுத்தார். சூப்பரின்டென்டென்டுகளுக்குச் சின்ன ஆரம்பக் கப்பல்தான். டெஸ்பாட்ச் பிரிவுக் குமாஸ்தாக்களுக்கு அதுவும் இல்லை, அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

இயக்குநர் நெஞ்சை நிமிர்த்தி நேராகப் போனார். எதிரில் சிவப்புக் கப்பல் வந்தது. இயக்குநர் மகிழ்கோலை விட்டுவிட்டுப் புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தார். பளிச். புகைப்படமும் எடுத்தாயிற்று, கப்பலும் வெடித்தாயிற்று.

ராஜகோபாலன் எழுந்து மைக்கைச் சரி செய்துகொண்டார்.

"நான் அழிந்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். என் பணிக்காலம் நிறைவடைந்தது."

அன்றைக்கு மிச்சமிருந்த கைதட்டல் எல்லாம் அப்போது வந்தது.

அடுத்த வாரம் டைப்பிஸ்ட் சொர்ணம் மாட்டிக்கொண்டாள். கே.கே. நகரிலிருந்து வருபவள், எப்போதும் ஜலதோஷம். லீவு போட்ட ஒரு சூப்பரின்டென்டென்டுக்குப் பதிலாகப் பயிற்சியில் உட்கார்ந்தவள் தும்மியபோது கை தவறி ஏவுகணைப் பொத்தானில் விழுந்தது. எதிரில் போய்க்கொண்டிருந்த பெரிய கொள்ளைக் கப்பல் இரண்டாகப் பிளந்து புகைந்தது. வாரியத்தின் வரலாற்றிலேயே முதல் வெற்றி. சொர்ணம் தானே பயந்துபோய்க் கைதட்டினாள்.

மறுநாள் மெமோ வந்தது. அழிக்கப்பட்ட கலம் முதல்நிலை அதிகாரிகளுக்கு இணையான தரம் கொண்டது. கீழ்நிலை ஊழியர் ஒருவர் முன் அனுமதியின்றி அதைத் தாக்கியது பணி வரிசையை மீறிய செயல். மேலும் இருப்பில் ஓர் ஏவுகணை குறைகிறது. ஜெயராம் அந்தக் கொள்ளைக் கப்பலைத் திரையில் மறுபடி கொண்டுவந்து நிறுத்தினார். சொர்ணம் எழுந்து நின்று, அதனிடம் வருத்தம் தெரிவித்தாள். தெரிவித்து முடிப்பதற்குள் அது அவளைச் சுட்டுவிட்டது.

"மன்னிப்பு ஏற்கப்பட்டது" என்று பதிவு செய்தார் ஜெயராம்.

இந்த நிலையில்தான் கலீமுல்லா, கேன்டீனில் வேதாந்தத்தின் எதிரில் வந்து உட்கார்ந்தார். கிடங்குப் பிரிவு சூப்பரின்டென்டென்ட். கோடம்பாக்கத்துக்காரர். வேதாந்தமும் அவரும் ஒரே நாளில் வாரியத்தில் சேர்ந்தவர்கள். வாய் அதிகம். அந்த வாயால் இதுவரை நஷ்டம் எதுவும் ஆனதில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

"இன்னா சாமி, தயிர் சாதத்துல மூஞ்சைப் பாத்துக்கினு கீறே?"

"ஓய் பாய், இன்னிக்கும் செத்தேன்."

"எப்படிச் செத்தே?"

"சிலபஸ் பிரகாரம்."

"அப்பிடித்தான் சாவணும். வேற எப்படிச் செத்தாலும் மெமோ குடுப்பானுங்க." கலீமுல்லா அவருடைய ஊறுகாயில் கை வைத்தார். "சாயங்காலம் எங்கூட வா. பாண்டி பஜார் மாடில நம்ம மச்சான் ஃபராஸ் கம்ப்யூட்டர் கடை வச்சிக்கீறான். அங்க இந்த கேம் கீது. நான் டெய்லி போய்க்கினுதான் கீறேன். இவனுங்க சொல்றது அத்தனையும் தப்பு."

"வாரியம் ஒத்துண்ட பாடத்திட்டம் பாய் அது!"

"வாரியம் ஒத்துகிச்சின்னா, அதுக்கு மேல இன்னா சாட்சி வோணும் தப்புன்னு சொல்ல?"

ஃபராஸ் கடையில் காற்று வரும் ஜன்னல் ஒன்று, சத்தம் போடும் கம்ப்யூட்டர் இரண்டு. கீழே பாண்டி பஜார் பாத்திரக்காரனும் பூக்காரியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கலீமுல்லா ஸ்டூலை இழுத்துப் போட்டார். மனைவி நஸ்ருன்னிசா கட்டிக் கொடுத்த சமோசாவைப் பிரித்து வைத்தார். வேதாந்தம் அதைத் தொடவில்லை, ஆனால் வாசனை பிடித்தார்.

"ஓட்டு."

வேதாந்தம் நெஞ்சை நிமிர்த்தி நேரே போனார். வெடித்தார்.

"அட இன்னா சாமி! உன்கிட்ட இருக்கறது ஓட்டை சைக்கிள். எதுக்கால தண்ணி லாரி வருது. நெஞ்சை நிமித்துவியா, ஒதுங்குவியா?"

"ஒதுங்குவேன்."

"அத்தான். ஒதுங்கு. அவன் வந்த வேகத்துக்கு உன்னைத் தாண்டிப் போவான். போனா அவன் முதுகு உனுக்கு."

"முதுகா! முதுகுல அடிக்கறது..."

"அவன் இன்னா உன் சம்பந்தியா? அடி!"

வேதாந்தம் ஒதுங்கினார். எதிரி தாண்டிப் போனான். திரும்புவதற்குள் எதிரி எங்கேயோ போய், சுற்றிக்கொண்டு வந்து, சுட்டான். வெடித்தார்.

"வேகத்தைக் கொற. வேகமாப் போனா பெரிய ரவுண்டு அடிக்கணும், பனகல் பார்க்கை பஸ்ஸு சுத்தற மாதிரி. மெதுவாப் போனா ஆட்டோ. நின்ன எடத்துல திரும்பிக்கலாம்."

மெதுவாகப் போனார். திரும்பினார். முதன்முதலாக எதிரியின் வாலைப் பார்த்தார். வால் அழகாக, நீலமாக எரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சுடு சாமி! தீபாராதனையா காட்றாங்க?"

சுட்டார். பலம் போதவில்லை. துப்பாக்கி சிணுங்கியது.

"கரண்ட்டை மாத்து. உங்க வூட்ல குழாய்ல தண்ணி எப்ப வருது?"

"காலம்பற நாலரைக்கு. ஒரு மணி நேரம்."

"மூணு கொடத்தையும் ஒண்ணாவா வப்பே? எது அவசரமோ அத்த மொதல்ல ரொப்புவே இல்ல? அடி வாங்கறப்போ கவசத்துக்கு. சுடறப்போ துப்பாக்கிக்கு. ஓடறப்போ எஞ்சினுக்கு."

"ஓடலாமா?"

"தாங்கலன்னா ஓடு. பாறை கீது, மேகம் கீது, எங்கியாச்சும் பூந்துக்க. ஏவுகணையைக் கையில வச்சிக்க. கிட்டக்க வர வரைக்கும் விடாதே. ஓடறது கேவலம் இல்ல சாமி. செத்துட்டு நெஞ்சைக் காட்டிக்கினு கெடக்கறதுதான் கேவலம்."

தினமும் சாயங்காலம் போனார்கள். வேதாந்தம் செத்தார், கொஞ்சம் தாமதமாகச் செத்தார், ஒரு நாள் சாகவில்லை. அந்த நாளில் சமோசாவில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "வெங்காயம் போட்டிருக்கா?" என்று முழுங்கிய பிறகு கேட்டார்.

"பாய், உமக்குப் பயமா இல்லையா? தேர்வு?"

"எனுக்கா?" கலீமுல்லா காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "மெஷின் தானே எதுக்கால? மெஷின் ஒரே மாதிரிதான் வரும். கண்ணை மூடிக்கினு அடிப்பேன். எம் பொண்ணு இஃப்ராவுக்கு தை மாசம் நிக்காஹ் வச்சாச்சு. கட்டிஹாருக்கு எந்தப் பொணமாச்சும் போவட்டும், நாம போவ மாட்டோம். நீ பாஸ், நான் பாஸ். ரெண்டு பேரும் சேந்து அந்த ராஜகோபாலன் மூஞ்சில முழிக்கலாம்."

தேர்வு நாளும் வந்தது.

சூப்பரின்டென்டென்டுகள் எல்லோரும் வராந்தாவில் வெறும் காலோடு நின்றார்கள். பாதிப் பேருக்குக் கிழக்கு அறை, பாதிப் பேருக்கு மேற்கு அறை என்று பிரித்திருந்தார்கள். வேதாந்தம் கிழக்கு. கலீமுல்லா மேற்கு. இரண்டு அறைக்கும் நடுவே தரையில் புதிதாக ஒரு கம்பி ஓடியது. பிரியும்போது கலீமுல்லா அவர் முதுகில் ஒன்று வைத்தார்.

"நெஞ்சை நிமித்தினே, கொன்னுடுவேன்."

இயக்குநர் ராஜகோபாலன் இரண்டு அறைகளுக்கும் நடுவே நாற்காலி போட்டு, அதன் மேல் நிற்காமல் பக்கத்தில் நின்று பேசினார்.

"நண்பர்களே! மேலிடத்துக்கு ஒரு கவலை இருந்தது. மாதிரித் தேர்வில் அத்தனை பேரும் இயந்திரத்திடம் தோற்றுவிட்டீர்கள். ஒரு வாரியம் முழுவதும் இயந்திரத்திடம் தோற்றால், வாரியத்துக்குப் பதில் இயந்திரத்தையே வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வி எழக் கூடாது. ஆகவே நானே இரவு பகலாகச் சிந்தித்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். இன்று உங்களில் ஒருவர் கூட இயந்திரத்திடம் தோற்க மாட்டீர்கள். இது என் வாக்குறுதி."

எல்லோரும் ஆறுதலாக மூச்சு விட்டார்கள். இயக்குநர் கையை உயர்த்தினார்.

"சரிபாதிப் பேர் தேறுவீர்கள். கட்டிஹாரில் எத்தனை நாற்காலி காலியோ, அத்தனை பேர் தேற மாட்டீர்கள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒரு நிர்வாகி என்பவன் முடிவை முதலில் எழுதிவிட்டுப் பிறகு தேர்வை வைப்பவன். வெற்றி பெறுவது உங்கள் திறமை. தோற்பதும் உங்கள் திறமை. வாரியத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை."

முடிவு ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்று கேட்டதும் வேதாந்தத்துக்குக் காலையில் கோமளம் ஊசியைக் குத்தியபின் பஞ்சால் அழுத்திப் பிடித்தபடி சொன்னது ஞாபகம் வந்தது: "ஜெயிச்சுண்டு வாங்கோ. உங்களை அங்கே அனுப்பிட்டு நான் ஆத்துல எப்படித் தூங்கறது?"

பெயர் கூப்பிட்டார்கள். உட்கார்ந்தார். பின்னால் ஜெயராம் நின்றார்.

திரை விழித்தது. கறுப்பு வானம், அங்கங்கே மிதக்கும் பாறைகள். தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

வேதாந்தம் ஒதுங்கத் தயாராகக் காத்திருந்தார். வழக்கமாக எதிரி நேரே பாய்ந்து வருவான். இவன் வரவில்லை. பாதி தூரத்தில் வேகத்தைக் குறைத்தான். பக்கவாட்டில் நழுவினான்.

இது புதுசு. வேதாந்தமும் வேகத்தைக் குறைத்தார்.

"சார்! முழு வேகம்! நெஞ்சுக்கு நெஞ்சு!" என்று ஜெயராம் காதோரம் சீறினார்.

"சும்மா இரும்."

இரண்டு கப்பல்களும் ஒன்றை ஒன்று மெதுவாகச் சுற்றின. இவர் திரும்பினால் அவனும் திரும்பினான். இவர் கவசத்துக்குச் சக்தியை மாற்றினால், அவன் சுடுவதை நிறுத்திக் காத்திருந்தான். துப்பாக்கிக்கு மாற்றினால், எட்டிப் போனான். நெற்றி வியர்வை வேதாந்தத்தின் கண்ணில் இறங்கியது. இயந்திரத்துக்கு யாரோ புத்தி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

திடீரென்று அவன் கிட்டத்தில் வந்தான். மிகக் கிட்டத்தில். ஓர் ஏவுகணையை விட்டான். வேதாந்தத்தின் கப்பல் வால் பிய்ந்து தலைகுப்புறச் சுழன்றது. கவசம் தீர்ந்தது. சிவப்பு விளக்கு அலறியது.

"முடிஞ்சது. கட்டிஹார்" என்றார் ஜெயராம். கொட்டாவி விட்டார்.

வேதாந்தம் மொத்த சக்தியையும் எஞ்சினுக்குத் தள்ளினார். திரும்பினார். ஓடினார்.

"சார்! புறமுதுகு! புறமுதுகு காட்றீங்க!"

"ஆமாய்யா, காட்றேன்! பாரும் நன்னா!"

பெரிய பாறை ஒன்றின் பின்னால் போய் நுழைந்தார். எஞ்சினை அணைத்தார். இருட்டு. துப்பாக்கிக்குச் சக்தியைத் திறந்தார். விரல் ஏவுகணைப் பொத்தானில். கை நடுங்கவில்லை.

பாறையின் விளிம்பில் முதலில் ஒரு நீல ஒளி தெரிந்தது. பிறகு மூக்கு. மெதுவாக, ரொம்ப மெதுவாக, சிவப்புக் கப்பல் அவரைத் தேடிக்கொண்டு கடந்து போனது. முழு முதுகும் அவருக்கு எதிரே.

இரண்டு ஏவுகணையையும் விட்டார்.

திரை முழுக்க வெளிச்சம். வேதாந்தம் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். அவர் தொண்டையிலிருந்து, ஐம்பத்து நாலு வருடத்தில் அவரே கேட்டிராத ஒரு கூச்சல் வந்தது.

"இது செல்லாது!" என்று ஜெயராம் கத்தினார். "ஓடினார், ஒளிஞ்சார், முதுகுல அடிச்சார், இருப்புல ரெண்டு ஏவுகணை காணோம்!"

வாசலில் ராஜகோபாலன் நின்றுகொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த அறை வாசலையும் எட்டிப் பார்த்தார்.

"முறை தவறு. ஆனால் கணக்கு சரியாக வருகிறது. தேறிவிட்டார். அடுத்த ஜோடியைக் கூப்பிடுங்கள்."

வேதாந்தம் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. வராந்தாவுக்கு ஓடினார். மேற்கு அறை வாசல் பெஞ்சில் கலீமுல்லா உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய்! ஓய் பாய்! அடிச்சுட்டேன்! பாஸ்!"

கலீமுல்லா நிமிர்ந்தார். "மெய்யாலுமா? சபாஷ் சாமி."

"ஆனா சாதாரண மெஷின் இல்லை பாய். படு கெட்டிக்காரன். நீர் சொல்லிக் குடுத்தீரே, அதெல்லாம் அவனுக்கும் தெரியறது. பிரேக் அடிக்கறான், சுத்தறான்..."

கண்ணாடியைத் துடைத்த கை நின்றது.

"ரொம்பக் கிட்டக்க வந்து ஒரு ஏவுகணை வுட்டானா?"

"ஆமா! வால் பிய்ஞ்சுடுத்து! உமக்கும் அப்படித்தான் வந்தானா? நான் அவ்ளோதான்னு நெனச்சேன். அப்புறம் என்ன பண்ணினேன் தெரியுமா..."

"எஞ்சினுக்குக் கரண்ட்டை மாத்திட்டு ஓடினே. பெரிய பாறைக்குப் பின்னால பூந்துகினே."

வேதாந்தம் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். வாய் மட்டும் மூட மறந்திருந்தது.

"அதை நான் இன்னும் சொல்லவேயில்லையே, பாய்."

கலீமுல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"நீ சொல்ல வாணாம் சாமி. பாறையாண்ட உன்னைத் தேடிக்கினு வந்தது நான்."